பரணில் கிடக்கும் கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி

பழைய கேசட்டைக் கணினிக்கு ஏற்றும் வேலையில் முக்கால்வாசி, ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட் அழுக்காக இருந்தாலும், அதன் கோணம் தவறியிருந்தாலும், மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் பெல்ட் தளர்ந்திருந்தாலும் அந்தக் குறை அப்படியே கோப்பில் ஏறிவிடும். அதன்பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. நாற்பது வருடப் பழைய டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும் நல்லதல்ல. ஒரே ஓட்டத்தில் நன்றாக எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் உட்கார வேண்டும்.

எந்தக் கேசட்டை முதலில் எடுப்பது என்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் கை போவது சினிமாப் பாட்டுக்குத்தான். ஆனால் எச்.எம்.வி., எக்கோ, சங்கீதா என்று கம்பெனி அச்சடித்து விற்ற பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று வேறு வழியில் கிடைத்துவிடும். கிடைக்காதவை வேறு: பாட்டி பாடிய தாலாட்டு, துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட், கல்யாண வீட்டு நாதஸ்வரம், ரேடியோவிலிருந்து பிடித்து வைத்த இலங்கை வானொலி நிகழ்ச்சி, சேப்பாக்கம் மேட்சின் தமிழ் வர்ணனை. இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. கை பழக ஒன்றிரண்டு கம்பெனிக் கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழகியதும் நேரே குடும்பக் குரல்களுக்குப் போய்விடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் வருவது ரெக்கார்டிங் சென்டர் கேசட். தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து சி-60இலோ சி-90இலோ பதிந்து தருவார். சி-60 என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம், ஆக ஆறு ஏழு பாட்டு. தனித்தனிப் பாட்டாக இவை இணையத்தில் இருக்கலாம். ஆனால் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று ஒருவர் யோசித்துக் கட்டிய அந்த வரிசை இந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் இவற்றைப் பாட்டு பாட்டாக வெட்டினாலும் பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதில் ஓட்டுவது

‘கேசட்டை எம்பி3 ஆக்கும்’ என்று விற்கும் கையடக்க யு.எஸ்.பி. பிளேயர்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் மோட்டாரும், டேப்பை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனும் மிகச் சிறியவை, வேகம் ஒரே சீராக நிற்காது. நீளமாக இழுக்கும் வயலின் ஒலியிலும் நாதஸ்வரத்திலும் அந்த நடுக்கம் உடனே தெரிந்துவிடும். பின்பக்கம் ‘லைன் அவுட்’ என்று சிவப்பு, வெள்ளை இரண்டு துளை உள்ள பழைய கேசட் டெக் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லையென்றால் பழைய நல்ல கம்பெனி டூ-இன்-ஒன், அதுவும் இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள வாக்மேன். ஆட்டோ ரிவர்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். திரும்பி ஓடும்போது ஹெட்டின் கோணம் பெரும்பாலும் மாறிவிடும். கேசட்டைக் கையால் திருப்பிப் போடுங்கள்.

பல வருடம் ஓடாத டெக்கில் பெல்ட் போயிருக்கும். சில பெல்ட்டுகள் தார்போல உருகிப் புல்லியில் ஒட்டிக் கிடக்கும். அதை ஆல்கஹால் தொட்ட துணியால் முழுதாகத் துடைத்தெடுத்த பிறகே புது பெல்ட் போட வேண்டும், மிச்சம் இருந்தால் வேகம் அலையும். அளவு தெரியவில்லையா? புல்லிகளைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி நீளம் பாருங்கள், அதில் 5 சதவீதம் குறைவாக உள்ள பெல்ட் சரியாக இருக்கும். பழைய பெல்ட்டை அளந்து வாங்கினால் தொளதொளவென்றுதான் வரும், அது ஏற்கெனவே நீண்டு போனது. சென்னையில் இருப்பவர்கள் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கலாம்.

ஹெட் சுத்தம்

மொபைல் ரிப்பேர் கடைகளுக்குச் சாமான் விற்கும் இடங்களில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். 99 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மருந்துக்கடையில் கையில் தேய்க்கக் கொடுக்கும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் போன்றவை கலந்திருக்கும், ஹெட்டில் படலமாக ஒட்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தொட்டு ஹெட்டின் முகத்தைத் துடையுங்கள். பழுப்பாக வரும். அது டேப்பிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. குச்சி வெள்ளையாக வரும் வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அடுத்து, ரப்பர் உருளையை ஒட்டிச் சுழலும் மெல்லிய இரும்புத் தண்டு, அதுதான் கேப்ஸ்டன். அதில் பழுப்பு வளையம் படிந்திருந்தால் வேகம் ஆடும், அதையும் துடையுங்கள்.

ரப்பர் உருளைக்கு, அதாவது பின்ச் ரோலருக்கு, ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் காய்ந்து விரைத்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து துடைத்து, வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள். துடைத்த பிறகும் கண்ணாடிபோல மின்னினால் அந்த உருளையை மாற்றிவிடுவது நல்லது. ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறையாவது ஹெட்டைப் பார்க்க வேண்டும். உதிரும் டேப் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும்.

சுத்தம் செய்ததும் வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, டேப்பைச் சுற்றி எடுக்கும் பக்கத்துச் சக்கரத்தையே கவனியுங்கள். அது விட்டு விட்டுச் சுற்றினாலோ நின்றாலோ, கேப்ஸ்டன் தள்ளும் டேப் போக இடமில்லாமல் உருளையைச் சுற்றிக்கொள்ளும். டெக் கேசட்டைத் ‘தின்பது’ பெரும்பாலும் இப்படித்தான். பாட்டியின் குரலைப் போட்டு இதைச் சோதிக்கக் கூடாது.

கேசட்டைப் பார்த்தல்

முதலில் மேல் விளிம்பில் இரு மூலையிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தக்கையை உடைத்துவிடுங்கள். அதன்பிறகு தவறி ரெக்கார்ட் பட்டன் அழுந்தினாலும் டேப் அழியாது. ஒருமுறை மேலே பதிந்துவிட்ட குரலை மீட்க வழியே இல்லை.

பிறகு கேசட்டின் சாளரம் வழியே டேப் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். வழவழவென்று பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்க வேண்டும். வெள்ளைப் பொடியாக, திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் பரணிலும் இரும்புப் பீரோவிலும் இருந்தவற்றில் இது சகஜம். அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டை அடைப்பதோடு அடுத்த கேசட்டுக்கும் பரவும். அந்தக் கேசட்டை மட்டும் தனியே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வையுங்கள். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய உலர்ந்த துணியை டேப்பில் பட்டும் படாமலும் வைத்து மெதுவாகச் சுற்றித் துடைக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர் அடிப்பது இரண்டும் டேப்பை நெளித்துவிடும்.

கீழ்ப்பக்கத் திறப்பின் நடுவில், பித்தளை நிறத் தகட்டின் மேல் அரிசி அளவில் ஒரு கம்பளித் துண்டு இருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துபோன கேசட்டில் குரல் எங்கோ தூரத்திலிருந்து கேட்பதுபோல மங்கி, அவ்வப்போது அறுந்து கேட்கும். டேப் கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்தக் கேசட்டுகளைத்தான். வேண்டாத கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றினால் போதும்.

ஐந்து திருகாணி போட்ட கேசட்டைத் திறப்பது எளிது. மேசையில் படுக்க வைத்து, திருகாணிகளைக் கழற்றி, மேல் மூடியை மட்டும் நேராகத் தூக்குங்கள். தூக்கியதும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்: டேப் எந்த உருளையைச் சுற்றி, எந்தக் கம்பிக்கு வெளியே போகிறது என்று பிறகு நினைவில் நிற்காது. திருகாணி இல்லாமல் ஒட்டிய கேசட் என்றால் ஓரப் பிளவில் மெல்லிய பிளேடைச் செலுத்தி மெதுவாகப் பிளந்து, இரண்டு சுருளையும் சேர்த்துத் தூக்கித் திருகாணி வைத்த வேறு கூட்டில் வைக்க வேண்டும்.

அறுந்த டேப்பை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் கசிந்து, அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டு மறுபடி அறுக்கும். கேசட்டுக்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப் வேண்டும். கேசட் டேப்பின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அதைத் தாண்டி ஒட்டு வெளியே நீட்டக் கூடாது. இரு முனையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து 45 பாகை சாய்வில் வெட்டி, முனையோடு முனை சேர்த்து, ஹெட்டைத் தொடாத உள்பக்கத்தில் ஒட்டி நகத்தால் தேய்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஓட்டும் முன் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட வேண்டும். வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த சுருளின் இறுக்கம் அப்போதுதான் சமமாகும். கீச்சென்ற சத்தமும், போகப் போக வேகம் குறைவதும் பாதி இதிலேயே சரியாகிவிடும். சி-90இன் டேப் சி-60இன் டேப்பைவிட மெல்லியது, சி-120 அதைவிட மெல்லியது. சி-120ஐ மோட்டாரில் வேகமாகச் சுற்றாமல் அறுகோணப் பென்சிலைக் கேசட் சக்கரத்தின் பல்லில் கொடுத்துக் கையால் சுற்றுங்கள்.

ஹெட்டின் கோணம்

இந்த ஒரு வேலையைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. ஒலியில் அதிக வித்தியாசம் தருவதும் இதுதான். டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் 4.76 மைக்ரோமீட்டர் இடத்தில் அடங்கிவிடுகிறது. ஹெட்டின் இடுக்கு டேப்புக்குச் சரியாகச் செங்குத்தாக இல்லாமல் துளி சாய்ந்திருந்தாலும் இவ்வளவு சின்ன அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஜால்ராவின் கணீர், சலங்கை, பேச்சில் வரும் ‘ஸ்’ எல்லாம் போய் ஒலி போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல இருக்கும்.

உங்கள் டெக் சரியாக இருந்தாலும் அந்தக் கேசட்டைப் பதிந்த ரெக்கார்டிங் சென்டரின் டெக் சாய்ந்திருக்கலாம். நாம் ஒத்துப்போக வேண்டியது பதிந்த டெக்கோடு. அதனால் கேசட்டுக்குக் கேசட், சில சமயம் பக்கத்துக்குப் பக்கம், கோணத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

ஹெட்டின் இருபுறமும் இரண்டு சிறு திருகாணி இருக்கும். அடியில் ஸ்பிரிங் உள்ளதுதான் கோணத்தைத் திருத்துவது. பல டெக்குகளில் அதன் தலையில் வண்ணம் தடவியிருப்பார்கள், ஓட்டும்போதே எட்டும்படி கதவின் கீழ் ஒரு துளையும் இருக்கும். தொடங்கும் முன் திருகாணியின் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். காந்தம் ஏறாத சிறு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அணைத்து, கேசட்டை ஓடவிட்டு, இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக ஹெட்போனில் கேளுங்கள். மோனோவில் கேட்டால் கோணப் பிழை பல மடங்கு துலக்கமாகத் தெரியும். இப்போது திருகாணியை மிக மெதுவாக ஒரு பக்கம் திருப்புங்கள். ஒலி மங்கினால் மறுபக்கம். தெளிவு கூடிக் கூடி, ஓர் இடத்தில் உச்சத்துக்கு வந்து, பிறகு குறையத் தொடங்கும். அந்த உச்சத்துக்குத் திரும்பி வந்து நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. தேவைப்பட்டால் வேறு ஏதோ கோளாறு, கம்பளித் துண்டையும் ஹெட் சுத்தத்தையும் மறுபடி பாருங்கள்.

கோணம் சரியான பிறகே டால்பி. அட்டையில் டால்பி குறி இருந்தால் மட்டும் போடுங்கள். இரைச்சல் குறைகிறதே என்று சாதாரணக் கேசட்டுக்குப் போட்டால் பாட்டின் மேல்சுரங்களும் சேர்ந்து போய்விடும்.

வேகம்

நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கேசட்டிலும் டிஜிட்டலிலும் நேரம் பாருங்கள். 270 விநாடிப் பாட்டு கேசட்டில் 262 விநாடியில் முடிந்தால் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. 6 சதவீதம் என்றால் சுருதி அரைக்கட்டை ஏறியிருக்கும், பாடகரின் குரலே வேறு ஆள் குரலாகிவிடும். ஒரே கேசட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள், பதிந்த டெக்கின் பிழையாகவும் இருக்கலாம். மூன்று நான்கு கம்பெனிக் கேசட்டிலும் ஒரே அளவு பிழை வந்தால் உங்கள் டெக்கின் மோட்டாரில் உள்ள சிறு துளைக்குள் இருக்கும் திருகாணியைத் திருப்பித் திருத்துங்கள். ஒரு கேசட்டில் மட்டும் வந்தால் அதைக் கணினியில் திருத்திக்கொள்ளலாம்.

பேட்டரி போட்ட ரெக்கார்டரில் பதிந்த வீட்டுக் கேசட்டுகளில் வேறொன்று நடக்கும். பேட்டரி தீரத் தீர மோட்டார் மெதுவாகியிருக்கும், அதை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் பேச்சு போகப் போகக் கீச்சுக் குரலாகும். அப்படியே எடுத்துவிட்டு, பிறகு ஐந்து ஐந்து நிமிடத் துண்டாக வேகத்தைக் குறைத்தால் குரல் நிதானத்துக்கு வந்துவிடும்.

கணினியில் பதிதல்

லேப்டாப்பில் உள்ள ஒற்றைத் துளை ஹெட்செட் மைக்குக்கானது. மோனோ, அதோடு டெக்கின் வலுவான சிக்னலைத் தாங்காமல் கரகரக்கும். ‘யு.எஸ்.பி. சவுண்ட் கார்ட்’ என்று விற்கும் மலிவான குட்டிகளிலும் பெரும்பாலும் மைக் உள்ளீடுதான் இருக்கும். வாங்கும்போது ஸ்டீரியோ லைன் இன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். லைன் அவுட் இல்லாத டூ-இன்-ஒன்னில் ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கலாம்: ஒலியைப் பாதியளவில் வைத்து, டோனை நடுவில் நிறுத்தி, பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுங்கள்.

இணைத்ததும் ‘ம்ம்’ என்று அடித்தொனி கேட்டால் அது கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

மென்பொருளுக்கு இலவசமான ஆடாசிட்டியே போதும். 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. விண்டோஸ் ஒலி அமைப்பில் இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு போன்றவற்றை அணைத்துவிடுங்கள். அவை பேச்சு அழைப்புக்காக வைத்தவை, தம்புராவை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். கணினி தூங்கிப்போகாமலும், மெசேஜ் சத்தம் உள்ளே வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கேசட்டில் சத்தம் மிகுந்த இடம் மைனஸ் 6 டெசிபல் அருகே நிற்கும்படி அளவை வைக்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் உச்சி வெட்டுப்படும், அதைச் சரிசெய்ய முடியாது. குறைவாக வந்துவிட்டால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

44.1 கிலோஹெர்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 16 எம்பி, ஒரு சி-60க்கு ஒரு ஜிபிக்குச் சற்றுக் குறைவாக இடம் பிடிக்கும். முடிந்தவரை கூடவே கேட்டுக்கொண்டிருங்கள். நடுவில் ஹெட் அடைத்துக்கொண்டு ஒலி மங்கினால் நிறுத்தி, துடைத்து, கொஞ்சம் பின்னால் போய்த் தொடரலாம். அரை மணி கழித்துத்தான் தெரிந்தது என்றால் டேப்புக்கு இன்னோர் ஓட்டம்.

பதிந்த பிறகு

மூலக் கோப்பைத் தொடவே கூடாது. அதை ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) வடிவில் சேமித்து வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். வீட்டு ரெக்கார்டரில் மோனோவாகப் பதிந்ததென்றால் இரண்டு தடத்தையும் தனித்தனியே கேட்டு, சுத்தமானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரைச்சல் நீக்கத்துக்கு மாதிரி எடுக்கும் இடத்தில் பலர் தவறுகிறார்கள். கேசட்டின் தொடக்கத்தில் சில விநாடி ஓடும் வெற்று லீடரில் காந்தப் பூச்சே கிடையாது. அங்கே கேட்பது டெக்கின் இரைச்சல் மட்டும். இரண்டு பாட்டுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒரு விநாடி மாதிரி எடுங்கள். குறைக்கும் அளவு 6 டெசிபல் போதும். 12ஐத் தாண்டினால் தண்ணீருக்குள் பாடுவதுபோன்ற ஒலி வரும். நம் காது சீரான இரைச்சலைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும், அந்தத் தண்ணீர் ஒலியை மறக்காது. ரேடியோவில் பிடித்த நிகழ்ச்சியின் கொரகொரப்பையும், பின்னணியில் வரும் குக்கர் விசிலையும் நீக்கவே வேண்டாம். அந்த வீடு அந்த ஒலியில்தான் இருக்கிறது.

அட்டையின் இரு பக்கத்தையும், கேசட்டின் மேல் ஒட்டிய தாளையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள். கோப்பின் பெயரில் யார், எந்த ஊர், எந்த வருடம், எந்தப் பக்கம் என்று இருக்கட்டும். வருடம் உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள், பேரப்பிள்ளைகள் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். யார் குரல் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி, எந்த நிமிடத்தில் யார் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உறவினருக்கு அனுப்ப எம்பி3 பிரதி போதும். ஃப்ளாக் கோப்பு இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். நாளை இன்னும் நல்ல டெக் கிடைக்கலாம். கடைசி வரை ஓடவிட்டு, திரும்பச் சுற்றாமல், பெட்டிக்குள் செங்குத்தாக நிறுத்தி, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, சுவரில் ஓதம் இல்லாத அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.